ஐக்யூவைவிட ஈக்யூ பெரிது என்று விற்கப்படும் நிதித்துறைக் கோர்ஸ்: எடுக்கலாமா, வேண்டாமா?

ஐக்யூ என்றால் அறிவுத்திறன், ஈக்யூ என்றால் உணர்வுத் திறன், அதாவது தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து கையாளும் திறன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இந்தப் பத்தியோடு கிளம்பலாம். வீடியோக்கள் சுமார், ஈக்யூவை அளப்பதாகச் சொல்லும் மதிப்பீட்டுத் தேர்வு வேஸ்ட், நடிகரை எதிரில் வைத்துப் பேசிப் பழகும் ஒத்திகை வகுப்புகள் மட்டும் கொடுத்த காசுக்கு மேலேயே தேறும். ஐந்துக்கு மூன்று போடுகிறேன். ஒத்திகையைத் தனியாக விற்றிருந்தால் நாலரை போட்டிருப்பேன், வீடியோவைத் தனியாக விற்றிருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. இதே அச்சில் வார்த்த கோர்ஸ்கள் இப்போது நிறைய இருக்கின்றன, பெயரும் லோகோவும்தான் வேறு. "நிதித்துறையில் மேலே போக மூளை மட்டும் போதாது, உணர்வுத் திறன் வேண்டும்" என்று ஆரம்பித்து, ஒரு தேர்வு, கொஞ்சம் வீடியோ, சில நேரலை வகுப்புகள், கடைசியில் ஒரு சான்றிதழ் என்று முடியும். நீங்கள் வாங்க நினைப்பது வேறு நிறுவனத்துடையதாக இருந்தாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். நான் கடன் மதிப்பீட்டில் தொடங்கி இப்போது முதலீட்டுப் பக்கம் வேலை பார்க்கிறேன். அலுவலகம் பணம் கட்டியது, அதனால் போனேன். சொந்தக் காசாக இருந்திருந்தால் இன்னும் சூடாக எழுதியிருப்பேனோ என்னவோ.

முதல் வீடியோவின் முதல் ஸ்லைடிலேயே எரிச்சல் வந்துவிட்டது. "வெற்றியில் ஐக்யூவின் பங்கு 20 சதவீதம், ஈக்யூவின் பங்கு 80 சதவீதம்" என்று பெரிய எழுத்தில், கீழே ஒரு வட்ட வரைபடம் வேறு. நிதித்துறை ஆட்களுக்கு நடத்தும் வகுப்பில், எண்ணைப் பார்த்தால் மூலத்தைத் தேடும் பழக்கம் உள்ளவர்கள் மத்தியில், இப்படி ஒரு ஸ்லைடைப் போடத் தனித் துணிச்சல் வேண்டும். உணர்வு நுண்ணறிவு என்பதை ஓர் ஆய்வுக் கருத்தாக வரையறுத்து எழுதியவர்கள் பீட்டர் சலோவேயும் ஜான் மேயரும், அது 1990இல். அதை உலகம் முழுக்கக் கொண்டு போனது டேனியல் கோல்மன் 1995இல் எழுதிய புத்தகம். அதில் இருப்பது, வாழ்க்கையில் வெற்றியைத் தீர்மானிக்கும் காரணங்களில் ஐக்யூவின் பங்கு அதிகபட்சம் 20 சதவீதம், மீதி மற்ற காரணங்கள் என்பதுதான். அந்த மற்ற காரணங்களில் எந்தக் குடும்பத்தில் பிறந்தோம், அதிர்ஷ்டம் எப்படி என்பதெல்லாம் சேர்த்தி. விற்பனை ஸ்லைடுகளில் ஏறும்போது அந்த மீதி முழுவதும் ஈக்யூவின் கணக்கில் வரவு வைக்கப்பட்டுவிட்டது. ஒரு பேலன்ஸ் ஷீட்டில் இப்படிச் செய்தால் ஆடிட்டர் விடுவாரா?

சரி, உண்மையான நிலவரம் என்ன? ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்ட்டரும் 85 ஆண்டு கால ஆய்வுகளைத் தொகுத்து 1998இல் வெளியிட்ட கட்டுரையில், பொது அறிவுத்திறனுக்கும் வேலைத் திறனுக்கும் இடையிலான கோரிலேஷன் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.51 என்று வந்தது. ரொம்ப காலம் அதுதான் வேதவாக்கு. அந்தப் பழைய கணக்கில் செய்திருந்த புள்ளியியல் திருத்தங்கள் அளவுக்கு மீறியவை என்று 2022இல் பால் சாக்கெட்டும் கூட்டாளிகளும் காட்டி அதை 0.31க்கு இறக்கினார்கள். வேலைத் திறனை முன்கூட்டிக் கணிக்கும் வழிகளின் பட்டியலில் அவர்களிடம் முதலிடம் பிடித்தது முறைப்படுத்தப்பட்ட நேர்காணல், அதாவது எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கும் நேர்காணல், 0.42. ஆக, அறிவுத்திறனின் மவுசு குறைந்தது உண்மை. ஆனால் 0.31 என்பது ஒன்றுமில்லாத எண் அல்ல. அடுத்த காலாண்டில் எந்தப் பங்கு ஏறும் என்று 0.31 அளவுக்குச் சொல்லும் சிக்னல் ஒன்று என் கையில் கிடைத்தால் நான் உங்களிடம் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்.

உணர்வுத் திறன் பக்கமும் ஆய்வுகள் உண்டு. டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் 2010இல் செய்த தொகுப்பாய்வில் வந்த முடிவை இந்தக் கோர்ஸ் சொல்லவே இல்லை, சொல்லியிருந்தால் பாதிச் சந்தை போயிருக்கும். உணர்வை வெளிக்காட்டியும் அடக்கியும் பிழைக்க வேண்டிய வேலைகளில், அதாவது வாடிக்கையாளர் எதிரில் உட்காரும் வேலைகளில், உணர்வுத் திறன் கைகொடுக்கிறது. அப்படி இல்லாத வேலைகளில் கைகொடுக்கவில்லை, லேசாகக் காலைக்கூட வாரியிருக்கிறது. ஒரு வங்கியில் ரிலேஷன்ஷிப் மேனேஜரும் இருக்கிறார், ஆப்ஷன் போன்ற ஒப்பந்தங்களுக்கு விலை போடும் கணித மாடலை எழுதுகிற குவான்ட்டும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே பாடத்திட்டத்தை விற்பதுதான் இந்தக் கோர்ஸின் அடிப்படைக் கோளாறு என்பேன். எங்கள் குழுவில் ரிஸ்க் மாடலிங் பிரிவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கிளையன்ட் முகத்தையே பார்க்காத அவருக்கு "கிளையன்டின் கண்களைப் பார்த்துப் பேசுங்கள்" என்று தனியாகப் பயிற்சித் தாள் கொடுத்தார்கள். பாவம், பூர்த்தி செய்தும் கொடுத்தார்.

அப்புறம் ஏன் இந்தத் துறையில் மூத்தவர்கள் எல்லோரும் "மூளை முக்கியமில்லைப்பா, ஆட்களோடு பழகத் தெரியணும்" என்றே சொல்கிறார்கள்? கோர்ஸில் இதை ஆதாரமாகவே காட்டுகிறார்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் பேசும் துண்டு வீடியோக்களாக. இதற்குப் பின்னால் ஒரு எளிய புள்ளியியல் விஷயம் இருக்கிறது. அந்த மூத்தவர் தன்னைச் சுற்றிப் பார்க்கும் எல்லோரும் ஏற்கெனவே வடிகட்டப்பட்டு வந்தவர்கள். நல்ல மதிப்பெண், நுழைவுத் தேர்வு, முதலீட்டு ஆய்வாளர்கள் எழுதும், ஒரு நிலைக்குச் சுமார் 300 மணி நேரம் படிக்க வேண்டிய சி.எஃப்.ஏ. தேர்வுகள் மூன்று நிலை, பல சுற்று நேர்காணல். இத்தனையையும் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கிடையே அறிவுத்திறனில் பெரிய வித்தியாசம் மிஞ்சுவதில்லை. வித்தியாசம் இல்லாத ஒன்றால் யார் மேலே போனார், யார் போகவில்லை என்பதை விளக்க முடியாது, அதனால் அது தேவையே இல்லை என்பதுபோலத் தோன்றும். வாசலில் நிற்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேறு கதை சொல்வார்கள். ஸ்வீடனில் ராணுவச் சேர்க்கைத் தேர்வு எழுதிய சுமார் 59,000 ஆண்களின் மதிப்பெண்ணையும் பின்னாளைய சம்பளத்தையும் ஒப்பிட்டு 2023இல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதையே காட்டுகிறது. சம்பளம் ஏற ஏற அறிவு மதிப்பெண்ணும் ஏறுகிறது. ஆண்டுக்கு 60,000 யூரோவைத் தாண்டியதும் அந்த ஏற்றம் நின்றுவிடுகிறது. உச்சியில் இருக்கும் 1 சதவீதத்தினர், தங்களுக்குச் சற்றுக் கீழே இருப்பவர்களைவிடக் கொஞ்சம் குறைவாகவே எடுத்திருக்கிறார்கள். உச்சியில் இருப்பதை உணர்வுத் திறன் தீர்மானிக்கிறது என்று இதற்கு அர்த்தமில்லை, குடும்பப் பின்னணியாக இருக்கலாம், அதிர்ஷ்டமாக இருக்கலாம். அறிவு தீர்மானிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

தேர்வைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. "மற்றவர்களின் மனநிலையை நான் எளிதில் புரிந்துகொள்வேன்" என்று ஒரு வாக்கியம், 1 முதல் 5 வரை நாமே நமக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ள வேண்டும். இப்படியே பக்கம் பக்கமாக. முடிந்ததும் வண்ண வண்ணமாகச் சிலந்திவலை வரைபடம் போட்டு ஒரு அறிக்கை வரும். எங்கள் குழுவில் அதிக மதிப்பெண் வாங்கியவர், மீட்டிங்கில் யாரையும் ஒரு வாக்கியம் முடிக்க விடாதவர். இது தற்செயல் இல்லை. ஷெல்டன், டன்னிங், ஏம்ஸ் மூவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உணர்வுத் திறனில் கடைசி வரிசையில் இருந்தவர்கள்தான் தங்களை ரொம்ப உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டார்கள், குறையைக் காட்டிய பிறகும் அந்தத் தேர்வே சரியில்லை என்றார்கள், கற்றுக்கொள்ளவும் ஆர்வம் காட்டவில்லை. முகங்களையும் சூழ்நிலைகளையும் காட்டி விடை கேட்கும் திறன் தேர்வுகள் இருக்கின்றன, சலோவேயும் மேயரும் டேவிட் கருசோவும் உருவாக்கிய 141 கேள்வித் தேர்வு அதில் பிரபலமானது. அதற்கும் குறைகள் உண்டு, ஆனால் குறைந்தபட்சம் அதில் நமக்கு நாமே மாலை போட்டுக்கொள்ள முடியாது. வாங்குவதற்கு முன்னால் எந்த வகைத் தேர்வு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வீடியோக்களில் நடுவில் வரும் "பணமும் பயமும்" என்ற பகுதி மட்டும் உருப்படி. பாடம் எடுத்தவர் விஷயம் தெரிந்தவர், ஒருகாலத்தில் டிரேடிங் மேசையில் இருந்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. லாபத்தில் இருக்கும் பங்கை அவசரமாக விற்பதும், நஷ்டத்தில் இருப்பதை "என்றாவது ஏறும்" என்று கட்டி அழுவதும் எல்லோருக்கும் தெரிந்த வியாதி. அதற்கு 1985இல் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் பெயர் வைத்தார்கள், 1998இல் டெரன்ஸ் ஓடியன் குறைந்த கட்டணத்தில் பங்கு வாங்கி விற்றுத் தரும் ஒரு தரகு நிறுவனத்தின் 10,000 கணக்குகளை எடுத்து அதை நிரூபித்தார். அவர்கள் விற்றுத் தள்ளிய லாபப் பங்குகள், வைத்துக்கொண்ட நஷ்டப் பங்குகளைவிட அடுத்த ஓராண்டில் சராசரியாக 3.4 சதவீதம் கூடுதலாகவே ஏறியிருக்கின்றன. அதே ஓடியன், பிராட் பார்பரோடு சேர்ந்து 2000இல் 66,465 குடும்பங்களின் கணக்குகளைப் பார்த்தார். சந்தை ஆண்டுக்கு 17.9 சதவீதம் கொடுத்த காலத்தில், அடிக்கடி வாங்கி விற்றவர்களுக்குக் கையில் நின்றது 11.4 சதவீதம்.

இதுவரை சரி. இதற்கு மேல்தான் பாடம் எடுத்தவர் ஒரு நல்ல காரியம் செய்தார். உணர்வு நல்லதா கெட்டதா என்பதற்கு இரண்டு எதிரெதிர் ஆதாரங்களை அடுத்தடுத்து வைத்துவிட்டு முடிவு சொல்லாமல் விட்டார். ஒருபக்கம் நரம்பியல் மருத்துவர் அன்டோனியோ டமாசியோவின் நோயாளிகள். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்கள், ஐக்யூவில் ஒரு குறையும் இல்லை, ஆனால் உணர்வு மங்கிவிட்டதால் சின்ன முடிவைக்கூட எடுக்கத் தெரியாமல் வேலையையும் குடும்பத்தையும் தொலைத்தவர்கள். இன்னொரு பக்கம் பாபா ஷிவும் டமாசியோவும் மற்றவர்களும் சேர்ந்து 2005இல் நடத்திய முதலீட்டு விளையாட்டு. கையில் 20 டாலர், 20 சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு டாலரை வைக்கலாம், வைக்காமலும் இருக்கலாம். நாணயம் சுண்டித் தோற்றால் ஒரு டாலர் போச்சு, ஜெயித்தால் இரண்டரை டாலர் வரும். கணக்குப் போட்டால் எல்லாச் சுற்றிலும் வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் சாதாரண ஆட்கள் ஒரு சுற்றில் தோற்றால் அடுத்ததில் வைக்கத் தயங்கினார்கள், சராசரியாக 22.80 டாலரோடு எழுந்து போனார்கள். உணர்வு மங்கிய நோயாளிகள் அசராமல் வைத்து 25.70 டாலர் எடுத்தார்கள். இரண்டு இடத்திலும் உணர்வை மங்கடித்த மூளைக் காயம்தான், வாழ்க்கையில் நஷ்டம், விளையாட்டில் லாபம். விதிகள் தெளிவாக எழுதப்பட்ட இடத்தில் உணர்வு இடைஞ்சல், விதிகளே இல்லாத இடத்தில் உணர்வுதான் திசைகாட்டி என்று நான் எடுத்துக்கொண்டேன். நிதித்துறையில் ஒரே நாளில் காலையில் ஒரு வகை முடிவும் மாலையில் மற்ற வகை முடிவும் எடுக்க வேண்டியிருக்கும், கஷ்டமே அங்கேதான்.

லண்டன் டிரேடர்களை வைத்து 2016இல் வந்த ஆய்வையும் அவர் சொன்னார். தன் இதயத் துடிப்பைக் கையால் தொட்டுப் பார்க்காமல் உணர்ந்து எண்ணச் சொன்னபோது, டிரேடர்கள் மற்றவர்களைவிடத் துல்லியமாக எண்ணினார்கள், அதிலும் துல்லியமானவர்கள் அதிக லாபம் ஈட்டியவர்களாகவும் அந்த வேலையில் அதிக ஆண்டுகள் தாக்குப் பிடித்தவர்களாகவும் இருந்தார்கள். சின்ன ஆய்வுதான், 18 டிரேடர்கள், எல்லோரும் ஆண்கள். ஆனால் ஆண்ட்ரூ லோ, டிமிட்ரி ரெபின், பிரெட் ஸ்டீன்பார்கர் ஆகியோர் அன்றன்றே வாங்கி விற்கும் 80 டே டிரேடர்களைப் பார்த்து 2005இல் எழுதியதோடு சேர்த்துப் படித்தால் சுவாரசியம். லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் அதிகமாகத் துள்ளியவர்களின் கணக்கு மோசமாக இருந்தது. உடம்பு சொல்வதைக் கேட்கத் தெரிய வேண்டும், அது சொன்னதற்கெல்லாம் ஆடக் கூடாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வீடியோ போதுமா என்பது வேறு விஷயம்.

அடுத்த வீடியோவில் வேறு ஒருவர் வந்தார், சரிவு ஆரம்பித்தது. லாங் டேர்ம் கேப்பிட்டல் மேனேஜ்மென்ட் கதை. இந்தக் கதை வராத ஈக்யூ வகுப்பே கிடையாது போலிருக்கிறது. நோபல் பரிசு வாங்கிய ராபர்ட் மெர்ட்டனும் மைரன் ஷோல்ஸும் இருந்த நிதியம், பரிசு வாங்கிய மறு வருஷமே, 1998இல், சில மாதங்களில் சுமார் 4.6 பில்லியன் டாலரைத் தொலைத்தது, 14 நிறுவனங்கள் சேர்ந்து 3.6 பில்லியன் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. "பார்த்தீர்களா, ஐக்யூ இருந்தது, ஈக்யூ இல்லை!" என்று முடித்துவிட்டார். அபத்தம். அந்த வருஷத் தொடக்கத்தில் அவர்களிடம் சொந்த மூலதனம் 5 பில்லியனுக்கும் கீழே, கடன் வாங்கிப் பிடித்து வைத்திருந்த சொத்துகள் 120 பில்லியனுக்கும் மேலே. ஆகஸ்டில் ரஷ்யா கடனைத் திருப்பித் தர முடியாது என்று கைவிரித்ததும், வெவ்வேறு என்று நினைத்த பந்தயங்கள் எல்லாம் ஒன்றாக விழுந்தன, வெளியேற வழியில்லை, ஏனென்றால் அதே பந்தயங்களை மற்றவர்களும் வைத்திருந்தார்கள். இது கடன் அளவும் பணப்புழக்கமும் சேர்ந்த பிரச்சினை. அங்கே இருந்த கூட்டாளிகள் ஒருவரை ஒருவர் நம்பியவர்கள், தங்கள் சொந்தப் பணத்தையே அதில் போட்டவர்கள். அகம்பாவம் இருந்தது என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் எல்லோரும் இந்தக் கோர்ஸை எடுத்திருந்தால் 25 மடங்குக் கடன் 10 மடங்காகக் குறைந்திருக்குமா?

அதைவிடப் பொருத்தமான கதை நிக் லீசன் என்ற டிரேடருடையது, அதை இந்த வீடியோக்காரர் தொடவே இல்லை. 88888 என்ற கணக்கில் நஷ்டத்தை 1992 முதல் ஒளித்து வைத்து, 1995இல் 827 மில்லியன் பவுண்டு ஓட்டையோடு, தான் வேலை பார்த்த பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கியை மூழ்கடித்தவர். கடைசியில் நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிதிக் குழுமம் அந்த வங்கியை ஒரு பவுண்டுக்கு வாங்கியது. நஷ்டத்தை ஒத்துக்கொள்ள முடியாத மனம் என்பது அவர் கதையின் ஒரு பாதி. மறுபாதி, கேள்வி கேட்டவர்களையெல்லாம் ஏதாவது சொல்லி மூன்று வருஷம் சமாளித்து அனுப்பினார். எதிராளி எதைக் கேட்க விரும்புகிறார் என்று தெரிந்து அதையே கொடுப்பதும் உணர்வுத் திறன்தானே? இந்தத் திறன் நல்லவர்கள் கையில் மட்டும்தான் இருக்கும் என்பதுபோலவே முழுக் கோர்ஸும் பேசுகிறது. கடன் மதிப்பீட்டில் சில வருஷம் இருந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். ரொம்ப இனிமையாகப் பேசும் விண்ணப்பதாரரின் கோப்பைத்தான் நாங்கள் இரண்டு முறை படிப்போம்.

இனி ஒத்திகை. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்தேன்.

நேரலை வகுப்பு, சின்னக் குழு, எதிரில் ஒரு தொழில்முறை நடிகர். அவரிடம் கதாபாத்திரமும் சூழ்நிலையும் இருக்கும், வசனம் கிடையாது. நம்மில் ஒருவர் பேச வேண்டும், மற்றவர்கள் பார்க்க வேண்டும், பயிற்சியாளர் எந்த நொடியிலும் நிறுத்தி "இப்போது எதிரில் இருப்பவர் முகத்தில் என்ன மாறியது?" என்று கேட்பார். பதிவை அப்படியே பின்னுக்கு ஓட்டிக் காட்டுவார்.

ஒரு சூழ்நிலை: சந்தை தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கிறது, ஓய்வு பெறப் போகும் வாடிக்கையாளர் அழைக்கிறார். "எல்லாத்தையும் வித்துடுங்க. இன்னைக்கே. எனக்கு விளக்கமெல்லாம் வேண்டாம்." எங்கள் குழுவில் கணக்கில் புலி என்று சொல்லத்தக்க ஒருவர் பேச ஆரம்பித்தார். கடந்த சரிவுகளில் சந்தை எத்தனை மாதத்தில் மீண்டது, வெளியே இருந்தவர்கள் எவ்வளவு இழந்தார்கள், எல்லாம் சரியான எண்கள், ஒரு பிசிறு இல்லை. நடிகரின் குரல் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு படி ஏறியது. "உங்க பணமா சார் இது?" என்று கேட்டார் பாருங்கள், கூட்டமே அமைதியாகிவிட்டது. பயிற்சியாளர் அங்கே நிறுத்தினார். எண்கள் தப்பில்லை, அவர் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள் என்றார்.

அடுத்தவர் வேறு மாதிரி ஆரம்பித்தார். "விக்கலாம் சார், உங்க பணம், நீங்க சொன்னா செய்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கட்டுமா, இந்தப் பணத்துல முதல்ல எது, எப்போ தேவைப்படும்?" கொஞ்ச நேரம் பதில் இல்லை. அந்த மௌனத்தை அவர் நிரப்பாமல் விட்டார், அதுதான் பெரிய விஷயம். பிறகு நடிகர் மெதுவாக மகளின் படிப்பு, அடுத்த வருஷச் செலவு என்று சொல்ல ஆரம்பித்தார். அந்தச் செலவுக்கான தொகையை மட்டும் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றிவிட்டு மீதியை அப்படியே விடலாம் என்ற முடிவுக்கு வாடிக்கையாளரே வந்தார். கவனியுங்கள், கடைசியில் வந்ததும் ஒரு கணக்குத்தான். எவ்வளவு ஒதுக்க வேண்டும், எதில் வைக்க வேண்டும், மீதியை எத்தனை வருஷம் தொடாமல் இருக்கலாம் என்று உடனே சொல்லத் தெரியாதவர் அந்த இதமான கேள்வியைக் கேட்டு என்ன பயன்? அழைப்பு முடிந்ததும் வாடிக்கையாளர் வேறு ஆலோசகரைத் தேடிப் போவார். அமெரிக்க முதலீட்டு நிறுவனமான வான்கார்டு 2014இல் ஒரு நல்ல ஆலோசகர் கூட்டித் தரும் மதிப்பை ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம் என்று மதிப்பிட்டபோது, அதில் பாதியை, 1.5 சதவீதத்தை, இப்படி வாடிக்கையாளரைப் பதற்றத்திலிருந்து தடுப்பதற்கே ஒதுக்கியது. அவர்களும் விற்பனையாளர்கள்தான், எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள், ஆனாலும் திசை சரி.

எனக்கு இன்னும் பிடித்தது இரண்டாவது சூழ்நிலை. நாளைக் காலை முதலீட்டுக் குழுக் கூட்டம், இரவு நேரம், அந்த முதலீட்டைக் கணிக்கும் கணக்கு மாடலில் ஒரு தப்பு கண்ணில் படுகிறது. நடைமுறை மூலதன (அன்றாடத் தொழிலில் முடங்கும் பணம்) மாற்றத்தில் கழிக்க வேண்டியதைக் கூட்டியிருக்கிறார்கள், பணவரத்து உண்மையைவிட நன்றாகத் தெரிகிறது. மாடலைக் கட்டியது துறைத் தலைவரே. அவருக்கு அழைக்க வேண்டும்.

பெரும்பாலானவர்கள் இங்கே இதமாகப் பேசித் தோற்றார்கள். "சார், டிஸ்டர்ப் பண்றதுக்கு மன்னிக்கணும், நான் தப்பாவும் பார்த்திருக்கலாம், சின்ன சந்தேகம்தான்..." நடிகர், தலைவர் பாத்திரத்தில், "சின்னதுன்னா காலைல பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். போச்சு. உணர்வுத் திறன் என்றால் மென்மை என்று நினைத்துக்கொண்டு வருபவர்களுக்கு இது நல்ல அடி. சரியாகச் செய்தவர், கூச்ச சுபாவமுள்ள ஒரு இளைய அனலிஸ்ட், முதல் வாக்கியத்திலேயே விஷயத்தை வைத்தார்: "சார், நடைமுறை மூலதன வரிசைல குறி மாறியிருக்கு, திருத்தினா வருவாய் விகிதம் நம்ம குறைந்தபட்சத்துக்குக் கீழ போகுது. திருத்தின ஷீட்டை அனுப்பிட்டேன், ரெண்டையும் பக்கத்துல வச்சிருக்கேன்." தலைவர் கத்தினார். "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" இவர் அதற்குப் பதில் சொல்லவில்லை, திருப்பிக் கத்தவும் இல்லை, "நாளைக்கு இதை நீங்களே சொல்றீங்களா, இல்ல நான் தனி நோட்டா போடட்டுமா?" என்று மட்டும் கேட்டார். தலைவருக்கு முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வழி கிடைத்தது, தப்பும் வெளியே வந்தது.

இதில் எது ஐக்யூ, எது ஈக்யூ என்று பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம். குறி மாறியதைக் கண்டுபிடிக்காதவருக்கு அந்த அழைப்பே இல்லை, அழைக்கத் தைரியம் இல்லாதவர் கண்டுபிடித்தும் பயனில்லை. முதல் ஸ்லைடில் போட்ட 80-20 வரைபடத்தை இவர்களே நடத்தும் ஒத்திகை பொய்யாக்குகிறது, அது அவர்களுக்குத் தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்டெஃபான் கோட்டேயும் கிறிஸ்டோபர் மைனர்ஸும் 2006இல் காட்டியது, அறிவுத்திறன் குறையக் குறைய உணர்வுத் திறனின் பலன் கூடுகிறது, ஒன்றின் பற்றாக்குறையை மற்றது ஓரளவு ஈடுகட்டுகிறது என்பது. அது ஒரு பல்கலைக்கழக ஊழியர்களிடம் எடுத்த ஆய்வு. கடன் கோப்பிலும் மாடலிலும் இந்த ஈடுகட்டல் எவ்வளவு தூரம் போகும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. தப்பான பணவரத்தை அன்பாக எடுத்துச் சொன்னாலும் அது தப்பான பணவரத்துதான்.

குறைகள் சில. செயலி அடிக்கடி நின்று போகிறது. வசன வரிகள் பேச்சுக்குப் பின்னால் ஓடி வருகின்றன. கடைசி வீடியோவில், கணக்கு வேலையை இனி செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும், உங்களுக்கு மிஞ்சுவது ஈக்யூ மட்டுமே என்று பயமுறுத்துகிறார்கள். பொருளாதார ஆய்வாளர் டேவிட் டெமிங் 2017இல் காட்டியதைப் படித்திருக்கலாம். அமெரிக்காவில் 1980க்கும் 2012க்கும் இடையே, ஆட்களோடு அதிகம் பழக வேண்டிய வேலைகளின் பங்கு ஏறக்குறைய 12 சதவீதப் புள்ளிகள் கூடியது, கணக்குத் திறனை மட்டும் கேட்டு, ஆட்களோடு பழகும் திறனைக் கேட்காத வேலைகள் சுருங்கின. ஆனால் நன்றாக வளர்ந்தவை இரண்டையும் சேர்த்துக் கேட்ட வேலைகள். இயந்திரம் கொடுக்கும் விடை தப்பு என்று மூக்கில் வாசனை பிடிக்கத் தெரியாதவருக்கு என்ன மிஞ்சும் என்று அந்த வீடியோ சொல்லவில்லை.

வாடிக்கையாளர் சேவை பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு ஒத்திகை வகுப்பு கடைசி நிமிடத்தில் ரத்தானது, மாற்றுத் தேதி கேட்டு எழுதினேன். "உங்கள் ஏமாற்றத்தை நாங்கள் முழுமையாக உணர்கிறோம்" என்று பதில் வந்தது, தேதி வரவில்லை. மறுபடி எழுதினேன், அதே வாக்கியம், கீழே வேறு ஒருவரின் பெயர். ஈக்யூ சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இப்படி. பிறகு மாற்று வகுப்பு கொடுத்தார்கள், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

யார் எடுக்கலாம்? வேலையில் சில வருஷம் ஆகி, வாடிக்கையாளரையோ குழுவையோ தனியாகச் சமாளிக்கும் நிலைக்கு வந்துகொண்டிருப்பவர்கள் தாராளமாக. இப்போதுதான் உள்ளே வருபவர்கள் அந்த நேரத்தில் மூன்று நிதியறிக்கைகளும் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுவது மேல். மாடல், ரிஸ்க் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த இரண்டாவது சூழ்நிலை மட்டும் போதும். இன்னொன்று, இணையதளத்தில் எங்கேயும் போடவில்லை, ஆனால் மின்னஞ்சலில் கேட்டால் வீடியோவும் தேர்வும் இல்லாமல் ஒத்திகையை மட்டும் குறைந்த கட்டணத்தில் கொடுக்கிறார்கள். என்னோடு வேலை பார்ப்பவர் அப்படித்தான் சேர்ந்திருக்கிறார். சான்றிதழ் மட்டும் கிடைக்காதாம்.